ஹருகோ அம்மா விட்டுவைத்த இடம்

பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் போன் செய்தார். "ஏனுங்க, ஜப்பான் அம்மா காலைல தவறிட்டாங்க. தூக்கத்துலயே." கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பிள்ளை வாயைத் திறந்தபடியே காத்திருந்தான்.

ஹருகோ அம்மாவை நாகலூரில் எல்லோருக்கும் தெரியும்; ஹைக்கூ கவிஞர் என்பது நம்மைப் போல் ஹைக்கூ வாசிக்கும் சிலருக்குத்தான் தெரியும். இருபது வயதில் ஒரு ஹைக்கூ பத்திரிகையில் பிழை திருத்தச் சேர்ந்தவர், பின்னாளில் அதற்கே ஆசிரியரானார். ஐந்து தொகுப்புகள். காப்பிக்கொட்டை வாங்கும் வேலையாக வந்த கணவரோடு இந்த மலைக்கு வந்தார். கணவர் இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. "ஹைக்கூவுல பருவம் வரணுமுங்க. அங்கத்த பருவம் இங்க செல்லல. அறுபது வயசுல மறுபடி ஒண்ணாப்பு" என்பார். ஆண்டுதோறும் காப்பிப் பூ விரியும் நாளை நோட்டில் குறிப்பார்.

மாதம் ஒரு சனிக்கிழமை, ஹைக்கூ எழுதும் நாங்கள் சிலர் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கூடுவோம். கவிதையைப் பெயரில்லாமல் கொடுக்க வேண்டும். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் ரைட்டரே திரும்ப எழுதுவார். அவரவருக்குப் பிடித்ததை வாசிப்போம். அப்போதுதான் எழுதியவர் தன் பெயரைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் அப்படித்தானாம்.

போன மார்கழியில் அம்மா வாசித்தது இது:

மூச்சு வருகிறதா?
விரல் வைத்துப் பார்க்கிறேன்
ஜன்னலில் மூடுபனி

"யாருங்க?" என்றார்.

என்னுடையதுதான். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்தபடி என் மாமியார். "இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பயமுங்க. புள்ள தும்முனாப் போதும், சேலத்து ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிருவா" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? விஷயம் தெரிந்த ரைட்டர் கூரையைப் பார்த்தார்.

அம்மா கவிதையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "சரிங்க. பேருக்கு எடம் உட்டு வெக்கிறேன். மெதுவா வாங்க."

அடக்கம் முடிந்ததும் ரைட்டர் அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். இந்த ஆண்டுக் காப்பிப் பூவையும் அம்மா அதில் குறித்திருந்தார். எல்லாக் கவிதைக்கும் கீழே பெயர் இருந்தது, ஒன்றைத் தவிர. ரைட்டர் பேனாவை நீட்டினார். எழுதினேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "இது நீயா?"

"ஆமாங்க அத்தை."

"நெனச்சேன்" என்றார். சிரிக்கவில்லை.

பிள்ளையின் மூக்கில் இப்போதும் விரல் வைத்துத்தான் பார்க்கிறேன். அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, வற்புறுத்தாத அந்த "யாருங்க?" ஒன்றைத்தான். அன்று கூட்டத்தில் சொல்லாத பெயரை, இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

சுகந்தி, நாகலூர்.