கடலடிப் பாடம்

கேதீஸ்வரி நெற்றியில் பொட்டோடு தெருவில் இறங்கினால் மாங்கேணியில் யாராவது ஒருவர் முகத்தைச் சுளிப்பார்கள். அவள் புருசன் ரதீஸ் போன வாடைக்காலத்தில் கடலுக்குப் போனவன், திரும்பவில்லை. அவனுடைய போட் மட்டும் வெறுமையாய்க் கல்குடாப் பக்கம் ஒதுங்கியது. "உடம்பக் காணாம அவரச் செத்தவரெண்டு நான் என்னெண்டு சொல்லுற?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. தாலியைக் கழற்றவில்லை. செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியைக்கும் சம்மதிக்கவில்லை.

மாமனார் வல்லிபுரம் கடலிலேயே கிடந்து நரைத்தவர். உடம்பு இல்லாவிட்டாலும் தர்ப்பையில் உருச்செய்து கிரியையை முடிக்கலாம் என்று ஐயர் சொன்ன நாளிலிருந்து, அவர் மருமகளிடம் நடையாய் நடந்தார்.

"புள்ள, அவன் அந்தரத்தில நிண்டு அலையிறான். எள்ளும் தண்ணியும் இறைச்சு விடுவம்."

"அவர் வருவார் மாமா," என்பாள் அவள், அடுப்பை ஊதிக்கொண்டே. அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஊரில் குறை சொல்லுகிறவர்களுக்கென்ன, அவர்கள் வீட்டு ஆம்பிளைகள் இரவுச் சோற்றுக்கு வந்துவிடுகிறார்கள்.

ஏழு வயது மகள் லக்சிகா கேட்டாலும் அதே பதில்தான். "அப்பா கடலுக்க நிக்கிறார். வருவார்." ஊரும் அதற்கு ஒத்து ஊதியது. பிள்ளையின் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுப்பது கேதீஸ்வரியின் வேலை. சோறும் பருப்பும் கீரையும், சில நாள் அவித்த கௌபிப் பயறு. கூரை ஒழுகினால் வாளி வைக்கிற அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தாறுமூலைக் கம்பஸ் மாணவர்கள் வி.ஆர். கண்ணாடிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். தலையில் மாட்டிக்கொண்டால் போதும், எரிமலைக்கும் போகலாம், சந்திரனுக்கும் போகலாம். உள்ளே தமிழ் பேசும் செயற்கை நுண்ணறிவு ஒன்றும் இருந்தது. எதைக் கேட்டாலும் அலுக்காமல் பதில் சொல்லும். முதல் பாடம் கடலடியைப் பற்றியது என்பதால் பிள்ளைகள் அந்தக் குரலுக்குக் கடலக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமைகளில் கண்ணாடி வகுப்பு. மற்றவர்கள் சந்திரனுக்குப் போக நான் முந்தி நீ முந்தி என்று அடிபட்டார்கள். லக்சிகா மட்டும் ஒவ்வொரு முறையும் கடலடிப் பாடத்தையே கேட்டாள். "உங்கட மகள் கடல் ஆராய்ச்சிக்குப் போகப்போறாள் போல," என்றார் வகுப்பை நடத்திய றஞ்சிதா டீச்சர். கேதீஸ்வரிக்கு உள்ளூரப் பெருமை. தகப்பன்ட ரத்தம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வியாழன் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மகள் படிக்கிற சீரைப் பார்ப்போமென்று வகுப்பு வாசலில் போய் நின்றாள். லக்சிகா கண்ணாடியோடு வகுப்பின் நடுவில் நின்றாள். குனிந்தாள், நாலாபக்கமும் கிறுகிக் கிறுகிப் பார்த்தாள், இல்லாத எதையோ கையால் விலக்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"கடலக்கா, எங்கட அப்பாவக் கண்டீங்களா? நீலச் சாரன் கட்டியிருப்பார். கையில என்ட பேர் பச்சை குத்தியிருக்கும்."

கண்ணாடியிலிருந்து வந்த குரல் வாசல்வரை கேட்டது. "மன்னிக்கவும் லக்சிகா. உங்கள் அப்பா எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இது உண்மையான கடலும் அல்ல. உங்கள் வலப்பக்கம் ஓர் ஆமை வருகிறது, பார்க்கிறீர்களா?"

"ஆமை வேணாம். இஞ்சால எல்லாம் பாத்திட்டன். அங்கால கூட்டிப் போங்க."

கேதீஸ்வரிக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வருசம் முழுக்க அவள் பிள்ளையிடம் தெரியாது என்று உண்மையைச் சொன்னது உயிரில்லாத அந்தக் குரல் ஒன்றுதான். பெற்றவள் சொல்லவில்லை. பெற்றவளின் பேச்சை நம்பிப் பிள்ளை வாராவாரம் கடலுக்குள் இறங்கித் தேடியிருக்கிறாள். அதைத்தான் எல்லோரும் கெட்டித்தனம் என்றார்கள்.

டீச்சர் ஓடிவந்து கண்ணாடியைக் கழற்றினார். "சத்தியமா எனக்குத் தெரியாது கேதீஸ்வரி," என்றபோது அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

"தாங்க டீச்சர்," என்று கேதீஸ்வரி அதை வாங்கினாள். இது வெறும் படம், இதற்குள் ஒன்றுமில்லை என்று மகளுக்குச் சொல்லுமுன் தானும் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்றுதான் மாட்டினாள்.

கடலோரத்தில் பிறந்தும் கடலின் அடியை அவள் கண்டதில்லை. தலைக்கு மேலே வெளிச்சம் ஆடியது. கீழே வெள்ளை மணலும் கல்லும், அப்பால் இருட்டும். அவர் எவ்வளவு அமைதியான இடத்தில் கிடக்கிறார் என்று நினைத்தாள். நினைத்த பிறகுதான் தான் நினைத்தது என்னவென்று விளங்கியது. அதற்குள் கால் நடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கல்லின் பின்னால் குனிந்து பார்த்தாள். நீலமாய் ஏதோ அசைந்தது. மீன். அடுத்த கல்லுக்குப் போனாள். "இஞ்சேருங்க," என்று வாய் தன்பாட்டில் புருசனைக் கூப்பிட்டது.

சின்னக் கை ஒன்று அவள் சேலையைப் பிடித்தது.

"அம்மா, அதுக்குப் பின்னால நான் பாத்திட்டன். அப்பா இல்ல."

கேதீஸ்வரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிலத்தில் குந்தினாள். ஒரு வருசமாய் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"ஓம் புள்ள. அப்பா இல்ல. செத்திட்டார். அம்மா உனக்குப் பொய் சொல்லிட்டன்."

லக்சிகா அழவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப இனி நான் தேடத் தேவையில்லயா?" என்று கேட்டாள்.

அன்று பொழுதுபட, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனாள். வல்லிபுரம் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அந்தியேட்டிக்கு நாள் பாருங்க மாமா."

ஒரு வருசமாய் இதைத்தான் கேட்டு நடந்தவர், தலை நிமிரவில்லை. பொத்தி முடித்த கண்ணையே மறுபடியும் பொத்தினார். வருவார் வருவார் என்று மருமகள் சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் அவருக்கும் மகன் எங்கேயோ உயிரோடு இருந்தான். அதைக் கேட்கத்தான் அத்தனை தரம் நடந்தாரோ என்னவோ.

"ஓம் புள்ள," என்றார் கடைசியில். "பாக்கிறன்."