தேக்காவில் ஒரு சோற்றுக்கடையும் இரண்டு கேள்விகளும்

"எந்த ஊரு? எந்தத் தெரு?"

இந்த இரண்டு கேள்விகளைக் கேட்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம். சோறு பரிமாறுவதெல்லாம் அதற்கு அப்புறம். கப்பலேறி நாங்கள் பிழைக்க வந்த தேக்காவில், சிராங்கூன் ரோட்டில், டிராம் வண்டி ஓடத் தொடங்கியிருந்த புதிதில், தஞ்சாவூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் நடத்திய கடை அது. நான் வாசலில் நிற்பேன். புது முகம் யார் வந்தாலும் கேட்டாக வேண்டும். ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டால் சாதி தானாகத் தெரிந்துவிடும். பிறகு வேலை சுலபம். சிலருக்கு முன்கட்டில் பலகை, வாழை இலை, பித்தளைத் தம்ளர். சிலருக்குப் பின்சந்தில், சாக்கடை ஓரமாக, வெறுந்தரையில் இலை, தண்ணீருக்குக் கொட்டாங்கச்சி. அதையும் சாப்பிட்டவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த நகரத்தின் பழங்கதையை எழுத வருகிறவர்கள் எல்லாரும் கடற்கரை ஹோட்டல்களிலிருந்து தொடங்குகிறார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையாம், தலைக்கு மேல் ஆடும் பங்கா விசிறியாம், கப்பல் இறங்கிய துரைமார்களாம். எழுதட்டும். அந்த வாசலில் நம்மவர்கள் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. அதற்காகத் துரைமார்களைத் திட்டாத ஆளை எங்கள் கடையில் நான் கண்டதில்லை. முன்கட்டுப் பலகையில் உட்கார்ந்து, மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டேதான் திட்டுவார்கள்! இதே ஆட்கள் கள்ளுக்கடையில் யார் எவர் என்று பாராமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு குடிப்பார்கள். பசி எடுத்ததும் தெரு ஞாபகம் வந்துவிடும். அதைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் முதலாளி சொல்வார்: "கள்ளுக்கடையில நடக்கறது கள்ளுக்கடையோட. இங்க நான்தான்டா ஜவாப்தாரி."

முதலாளி புண்ணியவான் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். கோயிலுக்கு விளக்குப் போட்டார், கேட்பாரற்ற பிணத்துக்குக் கொள்ளி வைத்தார். எல்லாம் உண்மைதான். எனக்கு அவரைப் பிடிக்காது. அவர் செத்து இத்தனை வருடம் ஆன பிறகும் பிடிக்கவில்லை. காரணம் வண்டிக்கார அண்ணன். அவரைப் பற்றிச் சொன்னால் என் யோக்கியதையும் வெளியே வந்துவிடும். வரட்டும்.

அண்ணன் துறைமுகத்திலிருந்து மூட்டை ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர். பிறந்ததே இங்கேதான், கெர்பாவ் ரோட்டில். இங்கே பிறந்தவர்கள் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' ஒட்டும். நான் கப்பலை விட்டு இறங்கிய மாதம், குளிர்காய்ச்சலில் ரோட்டோரம் கிடந்தேன். மூட்டையோடு மூட்டையாக என்னையும் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அவர். அவருடைய அம்மா கஞ்சிக் கலயத்தை என் முன்னால் வைத்தார். வைத்த கையை எடுக்காமலே தன் ஊர்ப் பேரைச் சொன்னார், தெருவையும் சொன்னார். "குடிக்கறதுக்கு முந்தியே தெரிஞ்சுக்கய்யா. பின்னால நீ வருத்தப்படக் கூடாது பாரு" என்றார். நான் குடித்தேன். பதினோரு நாள் குடித்து எழுந்து நடந்தேன். என் தெருக்காரன் எவனும் அந்த நாளில் எனக்கு ஒரு வாய் வெந்நீர் தரவில்லை.

நான் கடையில் சேர்ந்த பிறகு அண்ணன் ஒருநாளும் அங்கே சாப்பிட வந்ததில்லை. கல்யாணமான ஐந்தாம் நாள் மத்தியானம் வந்தார். சலவை வேட்டி, பக்கத்தில் புதுப்பெண். டிராமில் ஏற்றி ஊரைக் காட்டி, கடையில் ராணி மாதிரி உட்காரவைத்துச் சோறு வாங்கித் தருவேன் என்று அந்தப் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். வாசலில் என் காதோரம் குனிந்தார். "தம்பி, பலகையில உக்கார வையிலா. இன்னிக்கு ஒரு நாளு."

நான் கேள்வியைக் கேட்கவில்லை. பலகையில் உட்காரவைத்து இலை போட்டேன். என் ஆயுளில் நான் செய்த வீரச்செயல் அது ஒன்றுதான். கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் பெண்கள் கடைக்கு வந்து சாப்பிடுவது அபூர்வம். அதனாலேயே முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"கேட்டியாடா?"

"தெரிஞ்சவங்கதான் முதலாளி."

அவர் நம்பவில்லை. தானே எழுந்து வந்தார். "எந்த ஊருப்பா?"

"இந்த ஊருதான்லா" என்றார் அண்ணன்.

"எந்தத் தெரு?"

"கெர்பாவ் ரோடு. மாட்டுக் கொட்டாய்க்கு எதுத்தாப்புல."

"அதக் கேக்கல. பூர்வீகம்?"

"அத நான் கண்ணால பாத்ததே இல்லையே. நீங்க வேணும்னா கப்பல் ஏறிப் போயி விசாரிச்சுட்டு வாங்க மொதலாளி. நாங்க சாப்பிட்டுக்கிட்டே இருக்கோம்."

பலகையில் இருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். முதலாளியின் கேள்வி அன்றைக்குத்தான் முதன்முதலாக வேலை செய்யாமல் நின்றது. இங்கே பிறந்தவனுக்கு இந்த ஊர்தானே ஊர்! பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"தெரிஞ்சவங்கன்னியே, நீ சொல்லு. இல்லாட்டி ஒன் மூட்டையத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளிய போ."

அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. பெண்ணின் இலையில் அப்பளத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். ஊரைச் சொன்னேன், தெருவையும் சொன்னேன்.

"ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

"வண்டியில வர்றப்ப பேச்சுவாக்குல சொன்னாரு" என்றேன். கஞ்சியை மறைத்துவிட்டேன்.

பலகைக்காரர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். "எந்திரிடா!" என்று கத்தினார் முதலாளி. அந்தப் பெண்ணின் கை சோற்றில் இருந்தது. எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் அப்படியே இருந்தாள். 'இவனும் எங்க வீட்டுல தின்னவன்தான்' என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் தெருவில் நின்றிருப்பேன். அவர் சொல்லவில்லை. இரண்டு இலைகளையும் சோற்றோடு மடித்து ஏந்திக்கொண்டு, பெண்ணை முன்னால் விட்டு, ரோட்டைக் கடந்தார்.

எதிரே ஹைனான் சீனரின் கோப்பிக் கடை. பளிங்கு மேசையில் இலைகளை விரித்து இரண்டு கோப்பி சொன்னார். தவுக்கே, அந்தச் சீன முதலாளி, ஒன்றும் கேட்காமல் பெண்ணுக்கு ஒரு கரண்டியைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் அங்கிருந்தே தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்: "மொதலாளி! இங்க பாட்டன் பேரு யாரும் கேக்கலலா. நீயும் வாயேன், ஒரு கோப்பி குடிச்சுட்டுப் போ!"

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து பின்சந்து ஆட்கள் இலையை வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கொட்டாங்கச்சிகள் தூசி படிந்து கிடந்தன. நானோ மேலும் இரண்டு வருடம் அதே வாசலில் நின்று, அதே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது டிராம் போய் டிராலி பஸ் வந்துவிட்டது. சோற்றுக்கடை இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. கோப்பிக் கடை மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் நானும் அங்கேதான் போகிறேன், அண்ணனும் அங்கேதான் வருகிறார். தலை நரைத்துவிட்டது, வண்டி இல்லை. யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். நான் போய் அவர் மேசையில் உட்கார்ந்தால் மட்டும் அவர் கோப்பியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார். போன மாதம் மனம் கேட்காமல் கேட்டுவிட்டேன்: "இன்னுமா அண்ணே?"

"ஒங்க எடம் அங்க" என்றார், தள்ளியிருந்த மேசையைக் காட்டி. 'தம்பி' என்றவர் 'ஒங்க' என்றார்.

இந்த நகரத்தில் இன்றைக்கு ஒரு மனிதனைத் தள்ளி உட்காரச் சொல்ல நியாயம் உள்ளவர் அவர் ஒருவர்தான். நான் இப்போதெல்லாம் தள்ளியே உட்கார்கிறேன்.