குலுக்கலில் விழுந்த மூன்று டிக்கெட்

என் அண்ணிக்கு வாழ்க்கையில் குலுக்கலில் விழுந்த ஒரே பரிசு மூன்று டிக்கெட். அதுவும் விழாமலே இருந்திருக்கலாம்.

அண்ணி ஒரு தொழிற்சாலை கேன்டீனில் இரண்டாவது சமையல்காரி. மதியம் ஒரு வேளைக்கு மட்டும் நானூறு பேர் சாப்பிடுகிற கேன்டீன். அங்கே அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அடுத்து வேலை பார்ப்பவள் சின்னக்கா. வயதில் நான்கு வருஷம்தான் வித்தியாசம், உயரத்தில்தான் ஒரு முழம். சின்னக்கா அண்டாவுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்றுதான் கிண்டுவாள்.

நான் நாத்தனார். குற்றம் கண்டுபிடிப்பது என் பிறப்புரிமை. வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைத்துக்கொடுக்கிறேன். சமையலும் என் தலையில்தான். "நானூறு பேருக்கு ஆக்கிப் போட்டுட்டு வந்து இங்கயும் அடுப்புல நிக்கணுமா? நீயே பாத்துக்கோ தாயே" என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணி கரண்டியை என் கையில் கொடுத்தவள்தான், திரும்ப வாங்கவில்லை. அண்ணன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். அவரிடம் போய் யார் முறையிடுவது? நானே முணுமுணுத்துக்கொண்டு சமைத்தேன்.

ஒரு நல்ல குணம் அண்ணிக்கு உண்டு என்று நினைத்திருந்தேன். நான் எதைச் சமைத்து வைத்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவாள். ஒருநாள் பருப்பில் உப்புப் போடவே மறந்துவிட்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இன்னொரு நாள் திரிந்துபோன பாலை டம்ளரோடு குடித்து முடித்தாள். பெரிய மனசு என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் எவ்வளவு பெரிய மக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அண்ணி பத்து நாள் காய்ச்சலில் படுத்திருந்தாள். காய்ச்சல் போனபோது வாசனையும் ருசியும் கூடவே போய்விட்டன. உப்பு, புளிப்பு, இனிப்பு எதுவும் நாக்கில் ஏறவில்லை. மிளகாய் மட்டும் எரியும், அவ்வளவுதான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாமான் அறையில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சின்னக்காவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ருசி தெரியாத சமையல்காரியை யார் வேலையில் வைத்துக்கொள்வார்கள்? சின்னக்கா தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து, "நான் இருக்கேன்க்கா. நீங்க சமைங்க, நான் ருசி பாக்கறேன்" என்றாளாம்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. அண்ணி சமைப்பாள். சின்னக்கா பலகைமேல் ஏறி ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கரண்டியை அண்டா விளிம்பில் தட்டுவாள். ஒரு தடவை தட்டினால் உப்பு போதாது. இரண்டு தடவை என்றால் சரி. மூன்று என்றால் கூடிவிட்டது. கரண்டியில் ஒட்டியதை உதறுகிறாள் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அந்தச் சத்தத்தை நம்பி அண்ணி ஏழு வருஷம் சமைத்தாள். பெரியக்கா கை பட்டால் தண்ணீரும் ருசிக்கும் என்று அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். தலைமைச் சமையல்காரர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், "எனக்கப்புறம் பெரியக்காதான்" என்று அவரே சொல்லிவிட்டார். மேனேஜரும் தலையாட்டிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

அப்போதுதான் அந்தக் குலுக்கல் வந்தது. ஒரு மருத்துவமனையில் தீக்காயம் பட்டவர்களுக்கான பிரிவுக்கு நிதி திரட்ட, ஊரில் உள்ள இருபது சமையல்காரர்கள் சேர்ந்து ருசி பார்க்கும் விழா ஒன்று நடத்தினார்கள். தொழிற்சாலை கொஞ்சம் டிக்கெட்டுகளை வாங்கி, ஊழியர்களுக்குள் குலுக்கிப் போட்டது. மூன்று பேர் போகக்கூடிய பரிசு அண்ணிக்கு விழுந்தது.

எல்லோரும் கை தட்டினார்களாம். அண்ணி மட்டும் வீட்டுக்கு வந்து டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பரீட்சையில் தோற்றுவிட்டவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, சந்தோஷமா இல்லையா?"

"போகணுமான்னு யோசிக்கிறேன்."

"போகலைன்னா எங்கிட்ட குடுங்க. இருபது பேர் சமைச்சதைத் தின்னுட்டு ஒரு வாரத்துக்கு அடுப்பே மூட்டமாட்டேன்."

சிரித்தாள். மறுநாள் சின்னக்காவே வீட்டுக்கு வந்து, "போகாம இருந்தாதான்க்கா சந்தேகம் வரும். மேனேஜரும் வராராம். நான் பக்கத்துலயே இருக்கேன்ல?" என்று அவளைத் தனியாக அழைத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தாளாம். போகிற போக்கில் என் தையலைத் தொட்டுப் பார்த்து, கை நேர்த்தியாக இருக்கிறது என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்துத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் போனோம். பெரிய மண்டபம். சுவரை ஒட்டி இருபது மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள், மரக் கரண்டிகள். நான் வெட்கம் மானம் பார்க்காமல் முதல் மேஜையிலிருந்து ஆரம்பித்தேன். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்து, சின்னக்காவின் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பாள். மேனேஜர் தன் மனைவியோடு எதிரே வந்தார். "இவங்கதான் நம்ம பெரியக்கா. அடுத்த மாசத்துலேர்ந்து கேன்டீனே இவங்க கையில" என்று அறிமுகப்படுத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னக்கா பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவர் யாருக்கும் அறிமுகப்படுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சின்னக்கா போனாள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. ருசிப் போட்டியில் சேர விரும்புகிறவர்கள் சீட்டில் பெயர் எழுதிப் போடவேண்டிய பெட்டி. அங்கே நின்று அவள் எதையோ எழுதுவதைப் பார்த்தேன். தன் பெயரைத்தான் எழுதுகிறாள் என்று நினைத்து, ஜெயிக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தியும் தொலைத்தேன்.

மைக் பிடித்தவர் அண்ணியின் பெயரைக் கூப்பிட்டார்.

அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் பேர் குடுக்கவே இல்லையே!"

"நான்தான்க்கா குடுத்தேன்" என்றாள் சின்னக்கா. "கண்ணைக் கட்டிடுவாங்க, ஊட்டிவிட ஒருத்தர் கூட வரலாமாம். நான் வரேன். தினமும் செய்யறதுதானே?"

மேனேஜர் எழுந்து நின்றே கை தட்டினார். வேறு வழியில்லாமல் அண்ணி மேடை ஏறினாள்.

போட்டி சுலபமானது, குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒரே சூப்பை மூன்று கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். ஒன்றில் உப்பு இல்லை. ஒன்றில் உப்பு சரி. இன்னொன்றில் உப்புக்குப் பதில் சர்க்கரை. எதில் என்ன கலந்திருக்கிறது என்று போட்டிக்கு வந்தவரிடம் சொல்லாமல், ஒவ்வொன்றிலும் உப்பு எப்படி என்று கேட்பார்கள். அண்ணியின் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டினார்கள். சின்னக்கா முதல் கிண்ணத்தை எடுத்துத் தானும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள், அண்ணிக்கும் ஊட்டினாள். கரண்டி கிண்ணத்தில் ஒரு தடவை பட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"இதுல உப்பு இல்ல" என்றாள் அண்ணி.

சரி! கைதட்டல். இரண்டாவது கிண்ணம். கரண்டி இரண்டு தடவை பட்டது. "இதுல உப்பு அளவா இருக்கு." அதுவும் சரி. நான் விசில் அடிக்காத குறை.

மூன்றாவது கிண்ணம். இரண்டு தடவை பட்டது.

அண்ணி கொஞ்சம் தயங்கினாள். "இதுலயும் உப்பு சரியா இருக்கு" என்றாள்.

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மைக் பிடித்தவர், "அவசரப்படாதீங்க, இன்னொரு வாய் எடுத்துப் பாருங்க" என்றார். அண்ணி சின்னக்கா இருந்த பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். சின்னக்கா மறுபடி ஊட்டினாள். மறுபடியும் இரண்டு தடவை, நிதானமாக, தெளிவாக. முதலில் தட்டியது கை தவறியதாக இருந்திருக்கலாம். இது அப்படி இல்லை.

அண்ணியின் முகம் தெளிந்துவிட்டது. "சத்தியமா சொல்றேன். உப்பு சரியா இருக்கு. நல்லா இருக்கு" என்றாள், கண்ணைக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு அதே கிண்ணத்திலிருந்து ஒரு வாய் கொடுத்தார்கள். "ஐயோ, பாயசம்!" என்று துப்பாத குறையாகச் சொன்னாள். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜரும் முதலில் சிரித்தார். பிறகு எழுந்து வந்து, தானே அந்தக் கிண்ணத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. அண்ணி துணியை அவிழ்த்தபோது அவளுக்கு முன்னால் அவர்தான் நின்றுகொண்டிருந்தார். சின்னக்கா அதற்குள் கம்பி நீட்டிவிட்டாள்.

பேருந்தில் வரும்போதுதான் அண்ணி எனக்கு எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், சாமான் அறை, சத்தியம், கரண்டி எல்லாம். அழவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"ரெண்டு தடவை தட்டினா. நான் கேட்டேன். நாக்குதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு."

எனக்குப் பாதிக் கோபம் சின்னக்கா மேல், மீதி அண்ணி மேலேயே. "ஏழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன். எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா? அவகிட்ட போய்ச் சொல்லியிருக்கீங்க!"

"உன் வாயில எதுவும் தங்காதேடி."

அது உண்மைதான். தங்காது. ஆனால் தங்க வைத்துக்கொண்டவள் என்ன செய்தாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை, என் வாயில் தங்கிய முதல் பேச்சு அதுதான்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணி மறைக்காமல் சொல்லிவிட்டாள். வேலையை விட்டு எடுக்கவில்லை, காய் நறுக்கும் பக்கம் மாற்றினார்கள். தலைமைச் சமையல்காரியாகச் சின்னக்காவைப் போட்டார்கள். அப்படித்தான் நடக்கும் என்பது அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் முதல் இரண்டு கிண்ணத்துக்கும் ஒழுங்காகத் தட்டினாள். மேடை பயத்தில் உளறிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

இரண்டு வாரம் கழித்து சின்னக்கா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை. அண்ணிதான் கேட்டாள், "ஏன்?" என்று. ஒரே வார்த்தை.

"ஏழு வருஷம்க்கா" என்றாள் சின்னக்கா. "பெரியக்கா சாப்பாடு, பெரியக்கா சாப்பாடுன்னு தட்டை வழிச்சு வழிச்சுத் தின்னாங்க. அதுல உப்பு என்னுது. அந்தத் தலைமை வேலையில எனக்கும் ஒரு பங்கு பேசி வாங்கிக் குடுங்கன்னு போன மாசம் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க."

"நீ விளையாட்டுக்குக் கேட்டதா நினைச்சேன்."

"அதான்க்கா. நான் கேட்டா விளையாட்டு."

நான் பேச வாயெடுத்தேன். அண்ணி கையைக் காட்டி அடக்கினாள். "என்னைப் பத்தி நீ மேனேஜர்கிட்ட நேரா போய்ச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "நான் அப்பவும் அழுதிருப்பேன். ஆனா கண்ணைக் கட்டிக்கிட்டு உன்னை நம்பி உக்காந்திருக்கேன், ரெண்டாவது தடவையும் பொய்யா தட்டறியேடி." சின்னக்கா தலை குனிந்தபடி படி இறங்கிப் போய்விட்டாள். அவள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நானூறு பேரை ஏமாற்றியதில் என் அண்ணிக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் கூடவே இருந்து கழுத்தறுத்தவளுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

போன வாரம் ஒரு நாள் எனக்குத் தைக்க நிறையத் துணி இருந்தது. அண்ணி தானாக வந்து அடுப்பைப் பற்ற வைத்தாள். ஏழு வருஷத்துக்குப் பிறகு வீட்டில் அவள் சமையல். பருப்பு கொதித்ததும், "வந்து பாரேன்" என்று கூப்பிட்டாள். கரண்டியில் எடுத்து ஒரு வாய் பார்த்தேன். உப்பு போதவில்லை. கரண்டியில் ஒட்டியதை உதறப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டப் போனேன், வேறு நினைப்பே இல்லாமல்.

அண்ணி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தட்டாத. வாயால சொல்லு."

"உப்பு கொஞ்சம் போதல அண்ணி" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டி, ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாள். "இப்போ?" என்றாள். பார்த்தேன். "இப்போ சரி" என்றேன்.

சரி என்று அவளும் சொன்னாள். ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து, அதில் கொஞ்சம் பருப்பை ஊற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு வரப் போனாள்.