இரண்டு அங்குலம் போதும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டா, அறுபத்துமூன்றா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. பிளம்ஸ் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம் என்பது மட்டும் நிச்சயம். கொடைக்கானல் போகிற வழியில் பெருமாள்மலை இருக்கிறதல்லவா, அங்கிருந்து உள்ளே ஆறு மைல் மண்பாதையில் போனால் எங்கள் ஊர். நாற்பது வீடுகள், சுற்றிலும் பழத்தோட்டங்கள், அவ்வளவுதான். எனக்குக் கல்யாணமாகி அது நான்காவது வருஷம்.

முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் என் வலது கால் சூம்பிப்போய்விட்டது. கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு ஒரு பர்லாங்கு தூரம் நடப்பேன். அதற்கு மேல் முடியாது. என் கணவர் இதெல்லாம் தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள்கூட, கோபத்தில்கூட, என் காலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதல் ஒன்றரை வருஷத்தில் நான் ஊரை விட்டு வெளியே போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் மூட்டை சுமக்கிற மட்டக்குதிரையின் முதுகில். அதன் பிறகுதான் அவர் அந்தப் பிக்கப் வண்டியை வாங்கினார். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கியது. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்து வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் பழப் பெட்டிகள் அடுக்கத் திறந்த தொட்டி. இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டினால்தான் மூடியிருக்கும்.

அந்த வண்டி வந்ததால் எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது. கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்திய ஒரு தையல் கூடத்தில் பூவேலை சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். வாரத்தில் மூன்று நாள். அவர் பழம் கொண்டுபோகிற நாட்களில் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் அங்கே இறக்கிவிடுவார். பன்னிரண்டு பெண்கள் ஊசியும் நூலுமாக என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே எல்லோரும் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் வெள்ளனே எழுந்து சமைத்து முடித்து, வண்டி கிளம்புவதற்கு முன்பே வாசலில் நிற்பேன்.

வண்டியில் ஏறுவதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. இடது கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலான இடது காலைப் படியில் வைப்பேன். அதைத் தூக்கி வைக்கிற அந்த ஒரு நொடி, உடம்பு முழுவதையும் சூம்பிய கால்தான் தாங்க வேண்டும். பிறகு ஒரு எம்பு எம்பி, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குச் சிரமமாகத் தெரியாது. தெரியாதபடி பழகி வைத்திருந்தேன்.

அந்த வருஷம் கோடை மழை பலமாகப் பெய்து எங்கள் மண்பாதையை அரித்துவிட்டது. புதைந்து கிடந்த பாறைகளெல்லாம் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. தரைக்கு நெருக்கமாக ஓடுகிற வண்டி அது. போகும்போதும் வரும்போதும் அடிவயிறு பாறையில் இடிக்கும். ஒருநாள் எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் தேங்குகிற சட்டி பிளந்து, எண்ணெய் முழுக்க வழிந்து, முப்பது பெட்டிப் பிளம்ஸோடு வண்டி நடுப்பாதையில் நின்றுவிட்டது. வேறு வழியாகப் பழத்தைக் கொண்டுபோவதற்குள் பாதி குழைந்துவிட்டது. அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பெருமாள்மலை டீக்கடையில் லாரிக்காரர்கள் அவருக்கு யோசனை சொன்னார்கள். வண்டியை நன்றாகத் தூக்கிக் கட்டிவிட்டால் எந்தப் பாறையும் ஒன்றும் செய்யாது, ஐந்து அங்குலம் ஏற்றினால் ஓடைக்குள்ளேயே இறக்கி ஓட்டலாம் என்றார்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து, "இந்தா புள்ள, அஞ்சு இஞ்சு தூக்கிட்டம்னா நம்ம வண்டி லாரி மாதிரி நிக்கும். அப்புறம் ஒரு பயலும் நம்மள முந்த முடியாது" என்று கையால் உயரம் காட்டிச் சொன்னார். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

நானும் சிரித்தேன். ஆனால் தையல்காரிக்கு அளவு தெரியாமல் போகுமா? அவர் தோட்டத்துக்குப் போனதும் என் டேப்பை எடுத்துப் போய் வண்டிப் படியின் உயரத்தை அளந்தேன். பதினைந்து அங்குலம். கொல்லையில் துணி துவைக்கிற கல்லும் ஏறக்குறைய அதே உயரம்தான். அதன்மேல் பலகைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, பக்கத்துக் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். பதினேழு அங்குலத்தில் ஏற முடிந்தது. பதினெட்டில் இடுப்பு நடுங்கியது. இருபதில் விழுந்துவிட்டேன். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. பாசியில் வழுக்கிவிட்டது என்று அவரிடம் சொன்னேன்.

உண்மையை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான்கு வருஷமாக அவர் என் காலைக் குறையாக நினைக்கவில்லை. அந்த வண்டிதான் எங்கள் பிழைப்பு. அதற்குக் குறுக்கே என் காலை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. தையல் கூடத்துக்கு இனிமேல் வர முடியாது என்று எப்படிச் சொல்வது என்பதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வத்தலக்குண்டுக்குக் கிளம்பினோம். வண்டிகளுக்குப் பட்டை கட்டுவதில் கெட்டிக்காரர் என்று ஒருவரைச் சொல்லியிருந்தார்கள். பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்பு வில். இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்து நானும் கூடவே போனேன். அது அவருக்குத் தெரியாது. திரும்பும்போது அதே வண்டியில் எப்படி ஏறுவேன் என்றுகூட நான் யோசிக்கவில்லை.

பட்டறை ஒரு தகரக் கொட்டகை. பட்டறைக்காரர் ஒரு முஸ்லிம், என் கணவரின் வயதுதான் இருக்கும். முன்னங்கை முழுவதும் தீப்பொறி பட்ட தழும்புகள். நாங்கள் வந்தபோது கொட்டகை வாசலில் நின்று நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு ஒரு முக்காலியைத் தூக்கிவந்து நிழலில் போட்டு, "உக்காருங்க தங்கச்சி" என்றார். அதோடு சரி.

"அஞ்சு இஞ்சு தூக்கணும் பாய்" என்றார் என் கணவர்.

பாய் வண்டிக்கு அடியில் படுத்து நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார். "அஞ்சு இஞ்சுன்னா அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வச்சுத்தான் தூக்கணும். லோடோட கொண்டை ஊசி வளைவுல திரும்புறப்ப வண்டி சாயும். ஸ்டேரிங்கு ஆடும். பட்டையக் கழட்டி, நல்லா வளைவு ஏத்தி, பக்கத்துக்கு ஒரு நீளப் பட்டை சேத்தம்னா ரெண்டு இஞ்சு ஏறும். பழைய வண்டிண்ணே, அதுக்கு மேல தாங்காது."

"ரெண்டு இஞ்சுக்கா மலையெறங்கி வந்தேன்? எங்க பாதையில பாறை அரை அடிக்கு நீட்டிக்கிட்டுக் கெடக்கு."

பாய் வாதாடவில்லை. "சரி, அஞ்சு இஞ்சு எப்படி நிக்கும்னு ஒருக்காப் பாத்துருங்க" என்று சொல்லி, ஜாக்கியைக் கொண்டுவந்து வண்டியின் இடது பக்கம் வைத்தார். நான் ஏறுகிற பக்கம். ஐந்து அங்குலம் வரை ஏற்றி, அசையாதபடி அடியில் கட்டைகளை முட்டுக் கொடுத்தார். "வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுக் காட்டுங்க. நான் ஒலையப் பாத்துட்டு வாறேன்" என்று பட்டறையில் வேலை செய்த ஆளையும் அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் போய்விட்டார். அங்கே எங்களைத் தவிர யாருமில்லை.

அவர் சின்னப் பிள்ளை மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "வா புள்ள, ஏறிப் பாரு" என்றார்.

சேலையில் சேறு என்றோ, தலை சுற்றுகிறது என்றோ சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லத் தோன்றவில்லை. எழுந்து போய்க் கதவுச் சட்டத்தைப் பிடித்தேன். இடது காலைத் தூக்கினேன். படி எட்டவில்லை. இன்னொரு தடவை தூக்கினேன். வலது கால் மடங்கியது. அவர் தாவிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பேன்.

என்னைப் பிடித்தபடியே அவர் படியைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். முழங்கையில் இன்னும் காயாத புண்ணைப் பார்த்தார். அது பாசியில் வழுக்கி வந்ததல்ல என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என்னை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

பாய் கரித்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "என்னண்ணே, எப்படி?"

"ரெண்டு இஞ்சு போதும் பாய்."

"போதும்ணே. பழைய வண்டிக்கு அதான் நல்லது." அவ்வளவுதான் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை.

வேலை முடியப் பொழுது சாய்ந்துவிட்டது. பட்டைகளைக் கழற்றிச் சம்மட்டியால் தட்டித் தட்டி வளைவேற்றியதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு, நாங்கள் கேட்காமலே பாய் இன்னொரு வேலையும் செய்தார். உடைந்த பட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, இடது கதவுக்குக் கீழே ஏற்கெனவே இருந்த படிக்கும் தாழ்வாக இன்னொரு சின்னப் படி தொங்கவிட்டார். வழுக்காமலிருக்க அதன்மேல் பழைய டயர் ரப்பரை வைத்து முடுக்கினார். கதவுச் சட்டத்தில் ஒரு இரும்புப் பிடியும் வைத்தார். "மலையில சேறும் சகதியுமா இருக்குமுல்ல, யாரு ஏறுனாலும் சௌகரியமா இருக்கும்" என்றார் என் கணவரிடம்.

கிளம்பும்போது அந்தப் பிடியைப் பற்றினேன். என் இடது கை தானாகப் போகிற உயரத்தில் அது இருந்தது. ஒரே ஒரு தடவை நான் இறங்கியதைப் பார்த்த மனிதர், எந்தக் கை, எந்த உயரம் என்பது வரை கவனித்திருக்கிறார். ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

மலைப்பாதையில் பாதி ஏறியதும், எஞ்சின் சூடு தணிய ஒரு ஊற்றோரம் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "ஏன் சொல்லல?" என்றார்.

"உங்களுக்கு வண்டிதான முக்கியம்னு நெனச்சேங்க."

"ஒன்ன ஏத்திக்கிட்டுப் போகாத வண்டி எனக்கு எதுக்கு?" என்றார். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "நீ சொல்லாட்டியும் நான் கேட்டிருக்கணும்" என்றார்.

இரண்டு அங்குலம் எங்கள் பாதைக்குப் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பாறைகளைத் தாண்டியது. ஏழெட்டு இடங்களில் மறுபடியும் இடித்தது. அவர் லாரிக்காரர்களிடம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார். மீதி மூன்று அங்குலத்தை வண்டியில் ஏற்றாமல் பாறையில் செதுக்கி எடுத்தார். முதல் வாரம் ஊரார் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாவது வாரம் பதினாறு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். அந்தப் பாதையில் பிறகு மற்றவர்களின் வண்டிகளும் வந்தன. நான் ஒன்பது வருஷம் தையல் கூடத்துக்குப் போனேன்.

மறு வருஷம் பிளம்ஸ் பழுத்ததும், நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு பாயைப் பார்க்கப் போனோம். எங்களைப் பார்த்ததும் அவர் நேராக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். வெளியே வந்து, "பட்டை நல்லா உக்காந்திருக்கு" என்று சந்தோஷமாகச் சிரித்தார். நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெட்டியை மட்டும் நீட்டினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டார்.

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் பிரியம் என்று நான் எண்ணியிருந்தது எவ்வளவு பெரிய தவறு என்பதை அந்த ஒருநாள் எனக்குக் காட்டியது. என் கணவர் இப்போது இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் எப்படி நடந்து வருகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள் என்று ஒரு கணம் கவனித்துவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிக்கிறேன்; நாங்கள் பேர்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளாத அந்தப் பட்டறைக்காரருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.