கோமதி ஜி, ஜல்தி!

காலனியின் இணையப் பலகையைப் படிக்கும் கிட்வாய் நகர் நண்பர்களே, பயப்பட வேண்டாம். இன்று காலை மாரத்தான் ஓடப் போனவன் உயிரோடு திரும்பிவிட்டேன்.

புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டும் ஓட்டம். யார் நினைவாக ஓடுகிறோமோ, அவர் பெயரைத் துணியில் எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளச் சொன்னார்கள். சென்ற வருஷம் எங்களை விட்டுப் போன அம்மாவின் பெயரை, 'கோமதி' என்று, இந்த ஊர்க்காரர்களுக்கும் புரியட்டுமென ஹிந்தியில் பெரிதாக எழுதிக்கொண்டேன்.

வந்தது வினை. வழியில் நின்றவர்கள் அதை என் பெயர் என்றே நினைத்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய மீசையைப் பார்த்த பிறகும், "சபாஷ், கோமதி ஜி! ஜல்தி!" என்று, சீக்கிரம் ஓடச் சொல்லி ஒரே கூச்சல்.

ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் வந்தபோது கால் மரத்துப்போய் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த வேர்க்கடலைக்காரர் விடவில்லை.

"சலோ, கோமதி ஜி, சலோ!"

அம்மாவை நடுவழியில் உட்கார வைக்க மனம் வரவில்லை. எழுந்து ஓடி முடித்துவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே அப்பா காத்திருந்தார். அம்மாவை ஆயுசுக்கும் "இந்தா, இங்க பாரு" என்று மட்டுமே அழைத்தவர். என் சட்டையை வெகுநேரம் பார்த்தார்.

"கோமதி எத்தனாவதா வந்தா?"

"கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடிப்பா."

"எல்லாருக்கும் பரிமாறிட்டு வந்திருப்பா."

உங்கள் வீட்டு அப்பாக்கள் எப்படி? கீழே எழுதுங்கள். அம்மாக்களின் பெயரை அவர்கள் வாயால் சொல்ல வைக்க எனக்கு ஒரு வழி தெரியும். கால்தான் கொஞ்சம் வலிக்கும்.