முத்துப் பிள்ளை

முத்துப் பிள்ளை என்று எனக்கு ஒரு தம்பி இருந்ததாக பத்து நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம், அவன் நல்ல சிவப்பு என்றும், வேலூர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள் என்றும்கூடச் சொல்லியிருந்தேன். என்னைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் யாரும் என்னிடம் நேராக எதையும் சொல்லவில்லை. வந்து போனவர்கள் எல்லாம் "முத்துப் புள்ளையாம்" என்று ஒருவர் காதில் ஒருவர் ஓதிவிட்டுப் போனார்கள். பெயர் வைத்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. ஆம்பூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் தோலை ஊறவைத்துச் சுற்றும் டிரம்மை ஓட்டும் வேலை. பதனிடும் குரோம் தண்ணீரில் கை வைத்து வைத்து அவருடைய நகங்கள் எப்போதும் நீலம் பாரித்திருக்கும். எனக்குப் பிறகு பத்து வருஷம் அம்மாவுக்கு ஒன்றும் தங்கவில்லை. அதனால் அம்மா வாந்தி எடுக்கத் தொடங்கியபோது அப்பா அதை ஒரு நல்ல சேதியைக் கேட்பது மாதிரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வாந்தி நிற்கவே இல்லை. வயிறும் அவசரப்பட்டது. நாலாம் மாதத்திலேயே ஏழு மாத வயிறு. பக்கத்து வீட்டுப் பாயம்மா அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெட்டப் புள்ளயா இருக்கும்மா, வவுறு ரொம்ப ஜாஸ்தியா கீது" என்றார். அப்பா அன்று சாயங்காலமே உத்தரத்தில் தூளி கட்ட ஒரு கொக்கி அடித்தார். சற்று யோசித்துவிட்டு, பக்கத்திலேயே இன்னொன்றும் அடித்தார்.

ஒரு மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தபோது அம்மா சமையல் கட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை ரத்தத்தில் நனைந்திருந்தது. பாயம்மா என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். கம்பெனி வண்டியில் அம்மாவை வேலூருக்குக் கொண்டு போனார்கள். பத்து நாள் கழித்து அம்மா தட்டையான வயிற்றோடு திரும்பி வந்தாள். தம்பி எங்கே என்று கேட்டுக்கொண்டு எல்லோர் பின்னாலும் திரிந்தேன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்பாவோடு பேசிக்கொண்டிருந்ததுதான் காதில் விழுந்தது.

"பேசின்ல வச்சுக் காமிச்சாங்க. திராட்சைக் கொத்து மாதிரி, முத்து முத்தா. புள்ளைன்னு ஒண்ணும் இல்ல அதுல" என்றார் அப்பா.

கண்ணாடிப் பெட்டி அன்றோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் மட்டும் இன்னும் சில வாரம் அவனை வைத்துக்கொண்டிருந்தேன்.

பிற்பாடு நான் ஆய்வுக்கூட வேலைக்குப் படித்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. கரு என்பது முதலில் ஒரே ஒரு செல். அது இரண்டாகி, நாலாகி, எட்டாகிப் பெருகும்போது, சில நாளிலேயே செல்கள் தங்களுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்கின்றன. ஒரு பகுதி குழந்தையாகும். மற்றது கருப்பையைப் பற்றிக்கொண்டு நஞ்சுக்கொடியாகும். குழந்தை வந்திருக்கிறது என்று தாயின் உடம்புக்குத் தகவல் அனுப்புவது இந்த இரண்டாவது பகுதிதான். அந்தத் தகவல் ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கும். முத்துப் பிள்ளைக் கருவில் பெரும்பாலும் தாயின் பங்கு சேர்வதே இல்லை. தகப்பனின் பங்கு மட்டும் இருக்கும். அதில் குழந்தை உருவாகாது. பற்றிக்கொள்ளும் செல்கள் மட்டும் நிறுத்துவார் இல்லாமல் வளரும். இல்லாத குழந்தைக்காக அவை விடாமல் தகவல் அனுப்பும். உடம்பும் நம்பி வாந்தி எடுக்கும், வயிறு பெருக்கும். அம்மாவின் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அப்பா வழிச் சொந்தங்கள் பேசிக்கொண்டார்கள். தகப்பனின் பங்கைப் பற்றி அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க நியாயம் இல்லை.

வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டாலும் அந்தச் செல்களில் கொஞ்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியே விட்டால் ரத்தத்தோடு போய் வேறு இடத்தில் புற்றுநோயாக வளரும். இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அப்போது இருந்த வழி சிறுநீர்தான். பதினைந்து நாளைக்கு ஒரு முறை, திங்கட்கிழமை, அம்மா காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கு வேலூரில் ஒரு துணிக்கடையில் வேலை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். தினமும் காலை பாசஞ்சரில் காட்பாடி போய் அங்கிருந்து பஸ் பிடிப்பார். அப்பா விடியுமுன்னமே ஷிப்டுக்குப் போய்விடுவதால், பாட்டிலை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுப்பது என் பொறுப்பாயிற்று. டானிக் பாட்டில் ஒன்றைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, ரப்பர் மூடி போட்டு, மஞ்சள் பைக்குள் வைத்து அம்மா கொடுப்பாள். யாராவது கேட்டால் தைலம் என்று சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு தடவையும் அந்தத் தகவலின் அளவு குறைந்துகொண்டே வந்தது. மூன்றாவது தடவை குறையாமல் அப்படியே நின்றது. மாமா அதை வந்து சொன்னபோது அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"அடுத்த வாட்டியும் கம்மியாவலைன்னா சேர்த்துடணுமாம். ஊசி போடணுமாம்" என்றார் மாமா.

"எத்தினி நாளு?"

"மாசக் கணக்கா ஆகும்ன்றாங்க."

அப்பா என்னைப் பார்த்து, "இந்த வாட்டி பத்திரமா எடுத்துக்கினு போவணும். தெர்தா?" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்தத் திங்கட்கிழமை எழுந்ததே நேரமாகிவிட்டது. ஓடினேன். ஸ்டேஷனுக்குத் திரும்பும் இடத்தில் தோல் கட்டுகள் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. ஒதுங்கப் போய்ச் சாக்கடைக் கல்லில் இடறி விழுந்தேன். எழுந்தபோது பாவாடையில் ஒரு பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. பாட்டில் உடையவில்லை. மூடி பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருந்தது முழுக்கப் பைக்குள் கொட்டியிருந்தது.

ரயில் வருவதற்கு மணி அடித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் வர நேரம் இல்லை. அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. சரக்கு ஷெட்டுக்குப் பின்னால் உப்புப் போட்ட தோல் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள். நான் போனேன். கட்டுகளின் மறைவில் உட்கார்ந்து பாட்டிலை நிரப்பினேன். மூத்திரம்தானே, யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேனா, அல்லது அதுகூட நினைக்கவில்லையா, இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மாமா பெட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஈரப் பையை நான் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் நீட்டினேன். வாங்கினவர், "இன்னா பாப்பா, சுடுது?" என்றார்.

"ஓடியாந்தேன் மாமா."

அவர் சிரித்துக்கொண்டே அதைத் தன் பையில் போட்டுக்கொண்டார். வண்டி நகர்ந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாமா தெருமுனையிலிருந்தே சீட்டை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஒண்ணுமே இல்லக்கா! சுத்தமா கீதாம். இனிமே ஒரு மாசம் கழிச்சி வந்தா போதும்னாங்க." அம்மா உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து சேமியா பாயசம் வைத்தாள். பாயம்மா வீட்டுக்கு ஒரு சொம்பு போயிற்று. அப்பா என் தலையைத் தடவி, "எல்லாம் எம் பொண்ணு ஓடி ஓடிக் கொண்டுபோய்க் குடுத்ததுதான்" என்றார். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

அந்த ஒரு மாதம் வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசினோம். அம்மாவுக்கு லேசாக இருமல் வந்தது. ஊரெல்லாம் தோல் பதனிடும் காரம் காற்றில் இருக்கும்போது இருமல் யாருக்குத்தான் இல்லை? தலைவலி என்றாள். தைலம் தேய்த்துக்கொண்டாள். மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது இருமிக்கொண்டே போய் முந்தானையை வாயில் வைத்தவள், அதை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சிவப்பை நான் பார்த்துவிட்டேன்.

வேலூரில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சில் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக வெள்ளை நிழல்கள். லேடி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுப் பழைய சீட்டைக் கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை நாலாக மடித்துத் தினமும் வைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

"போன மாசம் ஒண்ணுமே இல்லைன்னு வந்திருக்கே. எப்படி இவ்ளோ சீக்கிரம்?" என்றார் டாக்டர். நான் அப்பாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மாவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஊசி போடத் தொடங்கினார்கள். மறுநாள் மத்தியானம் அப்பா டீ வாங்கப் போயிருந்தபோது நான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்தது, கொட்டினது, தோல் கட்டுக்குப் பின்னால் போனது. அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"யாருக்குனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. உங்கப்பா கிட்ட எப்பவுமே சொல்லாத. எம்மேல சத்தியம் பண்ணு."

அவள் கை சூடாக இருந்தது. அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

அடுத்த நாள் காலை டாக்டர் வந்தபோது அப்பாவும் இருந்தார். டாக்டர் மறுபடியும் அந்தச் சீட்டைப் பற்றியே கேட்டார். அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அது என்னுது இல்ல டாக்டர். கெட்டதா வந்தா மாசக் கணக்கா படுக்க வச்சுடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. வீட்ட யாரு பார்ப்பாங்க? பொண்ணோடதப் புடிச்சிக் குடுத்தனுப்பிட்டேன்."

டாக்டர் கோபப்பட்டார். படிக்காதவர்கள்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார். அப்பா டாக்டர் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு கட்டிலுக்கு அருகில் வந்து, "சாதா ஜுரம்னு நெனச்சியாடி இத? இன்னா பண்ணி வச்சிருக்க!" என்றார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வார்டை விட்டு வெளியே போனார். சாயங்காலம் சாப்பாட்டுக் கேரியரோடு திரும்பி வந்தவர் அம்மாவோடு பேசவில்லை.

நாலு நாள் பேசவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவுக்கு அந்த இனிப்பு ரொம்பப் பிடிக்கும். அவர் வருவதற்குச் சற்று முன்னால்தான் அம்மாவுக்கு வலிப்பு வந்திருந்தது. தலைக்கும் பரவிவிட்டது என்றார்கள். அப்பா பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "ஏம்மே, இங்க பாரு, ஏம்மே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவின் கண் திறந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் போய்விட்டாள்.

அந்த ஒரு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவரிடம் யாருடைய கதையோபோல ஒருமுறை கேட்டேன். ஊசிக்கு நன்றாகவே கேட்கும் நோய் அது, சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார்கள் என்றார். அப்பா எழுபது தாண்டும்வரை இருந்தார். உறவுக்காரர்கள் அம்மாவின் பேச்சை எடுத்தால், "அவ பயந்தே போய்ட்டா" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் வாயைத் திறப்பேன். சத்தியம் குறுக்கே நின்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவரும் போன பிறகு அந்தச் சமாதானமும் உதவவில்லை.

அவர்கள் பேசாமலிருந்த அந்த நாலு நாளும் நான் பள்ளிக்கூடம் போகாமல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். "உங்கம்மாவ மோர் குடிக்கச் சொல்லு" என்பார் அப்பா, இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு. நான் திரும்பி அம்மாவிடம் சொல்வேன். ஊசி மருந்தால் வாயெல்லாம் புண்ணாகியிருந்த அம்மா மெதுவாக, "உங்கப்பாவ வெளிய போய்க் காத்தாட உக்காரச் சொல்லு, ராத்திரியெல்லாம் தூங்கல" என்பாள். அதை அப்படியே அவரிடம் ஒப்பிப்பேன். ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பேன். இரண்டு பெரியவர்களும் என் வழியாகத்தான் பேசுகிறார்கள் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா என்னைக் காப்பாற்றிவிட்டாள், அடி விழாது, இனிப் பயமில்லை என்று நினைத்து, அப்பா கொண்டுவந்த இட்லியை நன்றாகச் சாப்பிட்டேன். கோபம் தீர்ந்தால் பேசிக்கொள்வார்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று இருந்தேன். நாளை என்று அவர்களிடம் எத்தனை மிச்சம் இருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.