வெறுந்தொட்டில்

நத்தாருக்காக இயேசு பாலனுக்குச் சேலையில் தொட்டில் கட்டிவிட்டு, என் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இண்டர்வலுக்கு ஓடிவிட்டார்கள். எனக்குப் பின்னால் கயிறு கிறீச்சிட்டது.

சிறுவயதில், இரத்தோட்டைத் தோட்டப் பள்ளியில் நாங்களும் இப்படித்தான் கட்டினோம். பச்சைக் குழந்தையை வைக்கோலில் கிடத்த எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த வகுப்பறை பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்சென்ற இடம். சுவரிலிருந்து பால்மா வாசம் போகவே இல்லை. அங்கே முன்பு பிள்ளை பார்த்த மாரியாயி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டாதீங்க, புள்ளைங்களா!"

"நாங்க ஆட்டலையே, ஆயா!"

டீச்சர் அவசரமாகப் பொம்மையைக் கிடத்தினார். தொட்டில் நின்றது.

இன்று நானும் பொம்மையோடு திரும்பினேன். காற்றே இல்லை, தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. கிடத்துவதற்காக உள்ளே கைவிட்டேன்.

சேலை கதகதப்பாக இருந்தது.